பெண் கேட்டார்கள், பெண்ணைக் கேட்டார்களா?

திருக்கோவலூரிலே, தென்பெண்ணையின் நடுவே, ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பர். ஆற்றிலே வெள்ளம் புரளும் நாளும் உண்டு. வெறும் மணல் காயும் நாளும் உண்டு. பாறை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு அருகே, கரைமேல், கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில். அக்கோயிலிலே இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாட்டு வடிவிலே அமைந்த அந்தக் கல்வெட்டு, வரலாற்று மாணவர்கள் விரும்பிப் படிப்பது. விரும்பிப் படித்துவிட்டு, வியந்துவிட்டு, விலகிப் போவது.

இரண்டு மணங்களைப் பற்றிய செய்தி அதிலே இருக்கிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்பது ஒன்று. மலையமான் குலத்திலே தோன்றிச் சுந்தர சோழனுக்கு வாழ்க்கைப்பட்ட வானவன் மாதேவி, கணவன் மாண்டதும், பால்மணம் மாறாத பிள்ளையைப் பிரிந்து எரியிலே இறங்கினாள் என்பது மற்றொன்று. ஒரு மணத்திலே கொடுத்தவர் தீயிலே. இன்னொரு மணத்திலே கொடுக்கப்பட்டவள் தீயிலே. கொண்டவர்கள் மட்டும் கோலோச்சினார்கள்!

நான் பள்ளி ஆசிரியன். 2019ஆம் ஆண்டிலே விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு பள்ளியிலே வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலே உண்டு. ஒருநாள் சோழர் பாடம். "சோழர்கள் மலையமான்களோடு மண உறவு கொண்டு தங்கள் வலிமையைப் பெருக்கிக்கொண்டனர்" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு மலைப்பெண் எழுந்தாள். பத்தாம் வகுப்பு. நூலகத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' எடுத்துப் பாகம் பாகமாகப் படித்துக்கொண்டிருந்தவள்.

"அந்த அம்மாவக் கேட்டாங்களா சார்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் சிரித்தேன். வீட்டிற்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. பெண் கேட்டார்கள் என்கிறோம். பெண் கேட்டு வந்தார்கள், பெண் கேட்டு அனுப்பினார்கள், பெண் கேட்டு மறுத்ததால் பகை மூண்டது என்கிறோம். எத்தனை நூற்றாண்டுகளாக இந்தத் தமிழ் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறது! பெண்ணைக் கேட்டது எப்போது? ஒரே ஓர் 'ஐ'யுருபு. அந்த உருபைச் சேர்க்க இத்தனை நாள் ஆயிற்று நமக்கு.

சரித்திரக் காதற்கதை எழுதுவோரிடம்தான் என் வழக்கு. ஏடு கனக்கக் கனக்க அவர்கள் எழுதுகிறார்கள். குதிரைக் குளம்பொலி, கோட்டைச் சுரங்கவழி, நிலவிலே நந்தவனம், நந்தவனத்திலே இளவரசி, இளவரசியின் புருவத்திலே ஒரு வில். படிக்க இனிக்கிறது, இனிக்கவில்லை என்று யார் சொன்னார்? ஆனால், அந்த இனிப்பின் அடியிலே என்ன கிடக்கிறது என்று கிளறிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு நாட்டின் எல்லையைக் காக்க ஒரு பெண்ணை வேலியாக நட்ட கதை கிடக்கிறது. கற்சுவர் எழுப்பினால் காசு செலவாகும். மகளைக் கொடுத்தால் மாமன் உறவு மலியும்! இந்தக் கணக்கிற்குக் கதாசிரியர்கள் வைத்த பெயர் 'இராசதந்திரம்'. அந்தக் கணக்கின்மேல் பூசிய சாயம் 'காதல்'.

நடுநாட்டு நிலைமையை எண்ணிப் பாருங்கள். தெற்கே சோழ மண்டலம், வடக்கே தொண்டை மண்டலம், இடையிலே மலையமான்களின் மலாடு. 949இல் தக்கோலப் போர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையிடம் சோழர் தோற்றனர். பட்டத்து இளவரசன் இராசாதித்தன் களத்திலே மாண்டான். தொண்டை மண்டலம் கைநழுவிற்று. அப்படிப்பட்ட காலத்திலே, வடக்கிலிருந்து வரும் படையின் வழியிலே உட்கார்ந்திருக்கும் குறுநில மன்னன் யாருக்கு உறவு என்பது அரியணையின் உயிர்நாடி. மலையமான் மகள் சோழ அரண்மனைக்குப் போனதிலே காதல் இருந்ததா? இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். கல்லுக்கு அது தேவைப்படவில்லை. கல் அவளுக்கு வேறொரு தகுதியைக் கொடுத்தது: செத்ததற்காகப் புகழ்ந்தது.

காஞ்சியிலே பொன்மாளிகையிலே துஞ்சினான் சுந்தர சோழன், ஏறத்தாழ 973இலே. அவன் துஞ்சினான். அவள் எரிந்தாள். மாளிகையிலே உயிர்விட்டதால் அவனுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. அவளுக்குக் கிடைத்தது பிள்ளையைப் பிரிந்த பெருமை. பிற்காலத்திலே தஞ்சைப் பெரிய கோயிலிலே மகள் குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்து வைத்தாள். தாயைப் பற்றி அந்த மகள் மனத்திலே என்ன இருந்ததோ, அது கல்லிலே ஏறவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய 'பொன்னியின் செல்வ'னை இழித்துரைக்க நான் வரவில்லை. தமிழிலே படிக்கும் பழக்கத்தை இலட்சக்கணக்கானவர்க்கு ஊட்டிய நூல் அது. 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபோது, பேரன்மாரும் பேத்திமாரும் வரிசையிலே நின்றார்கள். அதிலே திருக்கோவலூர் மலையமான் வருகிறார். நரைத்த தலையோடு, பேரன் ஆதித்த கரிகாலனுக்காகத் துடிக்கும் கிழவராக வருகிறார். அவர் மகள் வானமாதேவியும் வருகிறாள். எங்கே வருகிறாள்? நோயாளிக் கணவனின் கட்டிலருகே. கணவனோ, கடலுக்கப்பால் இருந்த ஊமைப்பெண் ஒருத்தியின் நினைவிலே குமைகிறான். மணந்தவள் மருந்து ஊட்டுகிறாள், மனத்திலிருப்பவள் வேறொருத்தி. உண்மையான சரித்திர நாவல் அந்தக் கட்டிலருகேதான் இருந்தது! அந்த அரசி வாய்திறந்து ஒருநாள் பேசியிருந்தால் எத்தனை பாகம் எழுதலாம்! ஆசிரியர் அந்த வழியாகப் போகவில்லை. குதிரை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அதே நூலிலே இன்னொரு மணம். அறுபதைக் கடந்த பெரிய பழுவேட்டரையர், நந்தினியை மணக்கிறார். நந்தினி கல்வெட்டிலே இல்லாதவள், கற்பனையிலே பிறந்தவள். அவள் கிழவரைக் காதலித்து மணக்கவில்லை. பழிவாங்கும் நோக்கத்திற்கு ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது. அந்தப் படிக்கட்டின் பெயர் திருமணம். கூர்ந்து கேளுங்கள்: மலையமான் மகளைக் கொடுத்ததும் காரியத்திற்காக, நந்தினி தன்னைக் கொடுத்ததும் காரியத்திற்காக. ஆண் செய்தால் இராசதந்திரம். பெண் செய்தால் நச்சுப் பாம்பு! ஆயிரம் ஆண்டுகளாக அரசர்கள் செய்த அதே கணக்கை ஒரே ஒருத்தி தன் கையாலே போட்டுப் பார்த்தாள். உடனே அவள் மோகினியானாள், சூழ்ச்சிக்காரியானாள், குலங்கெடுக்க வந்தவளானாள். நூலிலே உயிருள்ள பாத்திரம் எது என்று கேட்டால் பத்துப் பேரிலே எட்டுப் பேர் நந்தினி என்பார்கள். அது கல்கியின் எழுத்துக்குப் பெருமை. அவர் வழங்கிய தீர்ப்புக்குப் பெருமையன்று.

சோழர் மணங்கள் இத்தோடு நின்றனவா? இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். இராசேந்திரன் தன் மகள் அம்மங்கையை அவ்விருவரின் மகன் இராசராச நரேந்திரனுக்குக் கொடுத்தான். அத்தை மகனும் மாமன் மகளும்! நம் ஊர்ச் சொந்த மணம் அரியணைமேல் ஏறி நின்ற காட்சி. அந்த மணத்திலே பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணையைப் பிடித்த முதற் குலோத்துங்கன். வீரராசேந்திரனோ, வாழ்நாளெல்லாம் போரிட்ட மேலைச் சாளுக்கியக் குலத்தின் விக்கிரமாதித்தனுக்கே தன் மகளைக் கொடுத்து உடன்பாடு செய்தான். பகைவனை மருமகனாக்கினால் பகை தீரும் என்ற கணக்கு. தீர்ந்ததா? வீரராசேந்திரன் கண்மூடினான். அவன் மகன் அதிராசேந்திரன் சிலகாலங்கூட ஆளாமல் மாண்டான். உறவுமுறைக் குலோத்துங்கன் அரியணையிலே அமர்ந்தான். கணவனுக்கும் புதிய சோழனுக்கும் தீராப் பகை. தமையனை இழந்து, தாய்நாட்டைப் பகைநாடாகக் கண்டு, கல்யாணபுரத்து அரண்மனையிலே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் யார்? நான் படித்த வரலாற்று நூல்களிலெல்லாம் அவள் 'வீரராசேந்திரன் மகள்', அல்லது 'விக்கிரமாதித்தன் மனைவி'. யானைக்கும் வாளுக்கும் பெயர் வைத்த நாட்டிலே அவள் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி, அந்தக் காலத்திற்கு அது அறம். இந்தக் காலத்துத் தராசிலே அந்தக் காலத்தை நிறுக்காதே" என்று பெரியவர்கள் சிலர் எனக்கு அறிவுரை சொல்வதுண்டு. நல்லது. அந்தக் காலத்துத் தராசையே எடுத்துக்கொள்வோம்.

களவு என்று ஒன்றைத் தமிழர் வகுத்தனர். ஒருவனும் ஒருத்தியும் தாமே கண்டு, தாமே கலந்து, பிறகு ஊரறிய மணப்பதை இலக்கணமாக்கியவர்கள் அவர்கள். அகப்பாட்டிலே தலைவிக்குப் பெயர் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. விரும்புகிறாள், வெறுக்கிறாள், ஊடுகிறாள், ஓடிப்போகிறாள். ஆகவே, பெண்ணின் உள்ளம் என்று ஒன்று உண்டென்பது அந்தக் காலத்திற்குத் தெரியாத செய்தியன்று. புறப்பாட்டிலே மகட்பாற்காஞ்சி என்றொரு துறை இருக்கிறது. வேந்தன் பெண் கேட்கிறான், தந்தை மறுக்கிறான், ஊர் அழியப் போகிறது என்று புலவன் பாடுகிறான். புறநானூற்றிலே 336ஆம் பாட்டு முதலாக அத்தகைய பாட்டுகள் அடுக்கடுக்காக வருகின்றன. புலவர்களுக்கு அது அறமாகத் தோன்றவில்லை, அழிவாகத் தோன்றிற்று. கேட்டவன் வேலை மறுத்தவன் வேல் தடுத்தது. குளமும் மரமும் குடியும் கெட்டன. அதிலும் ஒரு குறை உண்டு, மறைப்பானேன்? பழியைப் பல இடங்களிலே அந்தப் பெண்ணின் அழகின்மேலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

"தீப்பாய்ந்ததும் அவள் விருப்பமே" என்பர் அடுத்தபடியாக. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டைக் காட்டுவர். 246ஆம் புறப்பாட்டு. அருமையான பாட்டு. ஆனால் முழுவதும் படித்தார்களா? தடுக்க வந்த சான்றோரை நோக்கி அவள் சொல்வது என்ன? நெய் தீண்டாத பிழிந்த சோறு, வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை, இவற்றோடு கிடக்கும் கைம்பெண் வாழ்வு எனக்கு வேண்டாம் என்கிறாள். இதிலே காதல் இருக்கிறது. காதலுக்குப் பக்கத்திலே கல்படுக்கையும் இருக்கிறது. ஒரு பக்கம் கற்படுக்கை, மறு பக்கம் நெருப்புப் படுக்கை. எது வேண்டும் தேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டு, அவள் தேர்ந்ததைப் பார்த்து 'விருப்பம்' என்று மெச்சுவது யோக்கியமா? உடன்கட்டையைப் புகழ்ந்து பேசுவதையே குற்றமாக்கிச் சட்டம் வந்தது 1987இல். நம் கதைகளிலே அந்தப் புகழ்ச்சி இன்னும் சாம்பல் படியாமல் மினுக்குகிறது.

பாரி மகளிரின் கதை இதைவிட விசித்திரம். அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்கிறோம். புறநானூற்றிலே அந்தப் பெயர்கள் இல்லை. பின்னால் வந்த கதைகள் கொடுத்த பெயர்கள் அவை. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்றபின், கபிலர் அப்பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். கொள்ளும்படி கேட்டார். அவர்கள் கொள்ளவில்லை. இருங்கோவேள்மேல் சினந்து பாடினார். கபிலரின் நட்பை நான் குறைத்துப் பேசேன். நண்பனின் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்தப் பெரியவரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் முடிவு என்ன? புறநானூற்றின் பாட்டடிக் குறிப்பு, அவர் அப்பெண்களைப் பார்ப்பாரிடத்திலே சேர்த்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. திருக்கோவலூர்க் கல்லோ, மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. எது மெய்? புலவர்கள் வாதிடட்டும். நான் இலக்கணம் மட்டும் பார்க்கிறேன். 'கொடுத்தார்', 'சேர்த்தார்', 'கொள்ளவில்லை'. எல்லா வாக்கியத்திலும் அந்தப் பெண்கள் செயப்படுபொருள். ஒரு வாக்கியத்திலாவது எழுவாயாக வரவில்லை.

ஒரே ஓர் இடத்திலே வருகிறார்கள். 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும், தந்தையையும் குன்றையும் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அவர்கள் வாயாலே வந்ததாக நமக்கு எஞ்சியது அது ஒன்றே. அதிலே கணவன் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. அவர்களுக்கு வேண்டியது மாப்பிள்ளை என்று முடிவு செய்தவர்கள் மற்றவர்கள்!

இதெல்லாம் பழங்கதை என்று ஏட்டை மூடிவிட்டால் நிம்மதி. மூட முடியவில்லை எனக்கு. அந்த மாணவியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவள் இடம் காலி. ஒரு கிழமை பார்த்தேன். பிறகு, கச்சிராயபாளையம் வழியாக மலையேறினேன்.

கல்வராயன் மலையைப் பற்றிச் சமவெளிக்காரர் பேசும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 'காட்டுப் பழக்கம்' என்பார்கள். அந்த மலையை 1976 வரை மூன்று சாகிர்தார்கள் தங்கள் உடைமையாக வைத்திருந்தார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள்! கடுக்காயும் புளியும் மரவள்ளியும் விளைவித்தவன் கையிலே நிலத்திற்குக் காகிதம் இல்லாமல் இருந்தது. அந்த மலையாளிப் பழங்குடியினரிடத்திலே, மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண்ணெடுப்பதும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும் பழைய வழக்கம். பொன்மாளிகைக்குத் தெரியாத நாகரிகம் அது. ஆகவே மலையைக் கீழாக எண்ணிக்கொண்டு நான் ஏறவில்லை. கீழே, சமவெளியிலே, நகைக்கடை அட்டையிலே பவுன் கணக்குப் போட்டுப் படித்த பெண்ணைக் கொடுக்கும் நம்மவர் எந்த வகையிலே மேல்?

அவள் தந்தை திண்ணையிலே உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "நல்ல இடம் சார். சொந்தந்தான். என் பட்ட கடனும் தீருது, புள்ளையும் பக்கத்துலயே இருக்கும்" என்றார். கெட்ட மனிதரல்லர். மலையமான் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் அவரும் சொன்னார்: எல்லை காக்கப்படும், உறவு வலுக்கும். பெண்ணுக்கு வயது பதினைந்து. மாப்பிள்ளைக்கு முப்பதுக்கு மேல். அவள் கதவோரத்திலே நின்றாள். "உன்னைக் கேட்டார்களா அம்மா?" என்று அவளைக் கேட்டேன். தந்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணை மணம் செய்விப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை அவரிடம் சொன்னேன். கடனுக்கு என்ன வழி என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை. கீழே இறங்கி 1098க்குப் பேசினேன். அதிகாரிகள் வந்தார்கள், எழுதி வாங்கினார்கள். மணம் நின்றது, அல்லது, தள்ளிப்போயிற்று. "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று ஊரிலே கேட்டார்கள். பள்ளியிலேயே கேட்டவர்களும் உண்டு. அவள் தந்தை இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அவர் கோபத்திலே நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடன் அப்படியேதான் இருக்கிறது. மணத்தை நிறுத்தச் சட்டம் உண்டு. வட்டியை நிறுத்த வழி காட்டாமல் சட்டத்தை மட்டும் மலைமேல் அனுப்பினால், அடுத்த ஆண்டு அதே திண்ணையிலே அதே பேச்சு நடக்கும்.

சரித்திரக் கதாசிரியர்கள்மேல் எனக்கு ஏன் இத்தனை சினம் என்று இப்போது புரியலாம். அந்தத் திண்ணையிலே நான் வாதாடியபோது, என் எதிரே அவள் தந்தை மட்டும் இல்லை. மகளைக் கொடுத்து நாட்டைக் காத்த மன்னர்கள், கொடுத்த இடத்திலே வாய்மூடி வாழ்ந்து, முடிந்தால் எரிந்து, குலப்பெருமை காத்த தேவிமார், அவர்களைப் பாடிய ஏடுகள் எல்லாம் அவர் பக்கம் நின்றன. என் பக்கம் என்ன இருந்தது? சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கியபோது, மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியிலே, ஒருவரையொருவர் ஏற்பதாகத் தாமே சொல்லி மணக்கலாம் என்று அதிலே எழுதினார்கள். தந்தை கொடுப்பதும் இல்லை, மாப்பிள்ளை கொள்வதும் இல்லை. அவளும் வாய்திறந்து சொல்லி மணக்கலாம். அந்த ஒரு வரியைச் சுற்றி ஒரு நாவல் எழுத இன்னும் ஆளில்லையே! வானவன் மாதேவியை எழுவாயாக வைத்து எழுதுங்கள். கட்டிலருகே நின்றவளின் இரவுகளை எழுதுங்கள். பெயரில்லாத அந்த வீரராசேந்திரன் மகளுக்குப் பெயர் கொடுத்து எழுதுங்கள். குதிரையும் கோட்டையும் இருக்கட்டும், யார் வேண்டாமென்றார்?

மாணவி பள்ளிக்குத் திரும்பினாள். தேர்வு எழுதினாள். இரண்டு கிழமை இடையிலே விட்டதால் கணக்கிலே தடுமாறினாள். மற்றவற்றிலே நன்றாகவே எழுதியிருந்தாள். விடுதியைக் காலி செய்யும் நாளிலே 'பொன்னியின் செல்வ'னின் மூன்றாம் பாகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அட்டை கிழிந்திருந்தது, கோந்து போட்டு ஒட்டியிருந்தாள்.

"நந்தினி நல்லவளா, கெட்டவளா சார்?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"அவளையும் யாரும் கேக்கல, சார்" என்றாள்.

நான்காம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஏட்டிலே கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளிமலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.